வலைப்பூவில் வந்த என் நாலு வரி

1

இந்த வாரம் தண்ணீர் வரிக் கடிதம் வந்தது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். குடிக்கிற தண்ணீருக்கான வரி இல்லை, அதற்குத் தனி ரசீது உண்டு. கடல் உள்ளே வராமல் கரையைக் காப்பதற்கும், பெய்கிற மழையை இறைத்து வெளியே தள்ளுவதற்கும் நெதர்லாந்தில் குடியிருக்கிறவர்கள் கட்டுகிற வரி இது. நான் இருக்கும் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தக்காளிக் கொட்டகைக்கு வேலைக்குப் போகும் வழியில் வாய்க்கால் சாலையைவிட உயரத்தில் ஓடுகிறது. சைக்கிளில் போகும்போது என் தோளுக்கு நேராக வாத்துகள் நீந்திக்கொண்டு வரும். வந்த புதிதில் அதைப் பார்த்துப் பயந்தேன். இப்போது திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

இந்த மாதிரிக் கடிதம் வந்தால் சபாநாயகம் சாரிடம் எடுத்துப் போவது வழக்கம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு வரி விடாமல் படிப்பார். அதில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் சொல்வார். இந்த முறை மகள் ஷாலினியிடம் கொடுத்தேன். அவள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எப்பவும் வர்றதுதான்பா. பேங்க்ல தானா போயிடும்," என்றாள். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

சாரிடம் போகாததற்குச் சண்டை காரணமில்லை. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. போன வருஷம் இதே சமயத்தில் சார் தன் வலைப்பூவில் என்னைப் பற்றி நாலு வரி எழுதினார். அந்த நாலு வரியைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு சொன்னேன் என்றுகூடப் பேச்சு இருக்கிறது. நேரில் நின்று விளக்குகிற ஆள் இல்லை நான். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மெதுவாகத்தான் வரும்.

2

எங்களுடையது கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பம். முதலில் அப்பாவோடு கடலுக்குப் போனேன். பிறகு என் அக்கா அஞ்சலையின் புருஷன் வேலாயுதம் மாமாவோடு ஃபைபர் போட்டில் போனேன். கல்யாணம் புதுச்சேரியில். ஜெயந்தியின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படி ஒரு பெண் அமைந்தால் மாப்பிள்ளை ஊரில் தங்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாரிஸ் பக்கத்தில் சில வருஷம் பாத்திரம் கழுவினேன். பிறகு ஜெயந்தியின் அண்ணன் இங்கே வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார், வந்துவிட்டோம்.

இங்கே கொட்டகை என்றால் கண்ணாடிக் கொட்டகை. கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை தக்காளிச் செடி கயிற்றில் ஏறி நிற்கும். வெளியே பனி பெய்தாலும் உள்ளே சித்திரை மாதம். நான் கீழ் இலைகளை வெட்டிக்கொண்டே போவேன். ஒரு வரிசை முடிந்தால் அடுத்தது. பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலைதான்.

சபாநாயகம் சாரைப் பார்த்தது நகராட்சி அலுவலகத்தில். கவுன்டரில் இருந்த பெண் "மோர்கன்" என்றாள். காலை என்று புரிந்துகொண்டு, காலைதானே இது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் கதவைச் சாத்த வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வேறு வேலையாக வந்திருந்த சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார். "நாளைக்கு வரச் சொல்லியிருக்காப்பா. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நானும் ஒருதரம் இப்படி உக்காந்திருக்கேன்," என்றார்.

சாருக்குச் சிதம்பரம். கோயிலைச் சுற்றி இருக்கிற வீதிகளில் ஒன்றில் வீடு. இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். அன்றைக்கு ஜெயந்தி மீன் வாங்கமாட்டாள், ரசம் வைப்பாள்.

வேலையில் இருந்த காலம் தொட்டே சார் வலைப்பூ எழுதுகிறார். இந்தக் காலத்தில் வலைப்பூவை யார் படிக்கிறார்கள் என்று அவருடைய மகனே கேலி செய்வானாம். பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று பத்திரிகைகளில் வருகிறதே, அதில் எது அளந்து சொன்னது, எது பயமுறுத்தச் சொன்னது என்று பிரித்துக் கேட்பதுதான் அந்த வலைப்பூவின் வேலை. இங்கிலீஷில் இப்படி நிறைய இருக்கிறதாம். அவற்றைப் படித்துத் தமிழில் எழுதுவார், தன் சந்தேகங்களைச் சேர்ப்பார். கீழே சிலர் வந்து சண்டை போடுவார்கள். சிலர் கை தட்டுவார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான். பூமி சூடாகவில்லை என்று சார் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. எவ்வளவு, எதனால், யார் அளந்தார்கள் என்று கேட்பார். "கேள்வி கேக்கறவன் எதிரி இல்லப்பா கலியா," என்பார். என் பெயர் கலியபெருமாள்.

கொட்டகையில் டீ குடிக்கும் நேரத்தில் அந்த வலைப்பூவைப் போனில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பாதி புரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் தொடர்ந்து படித்த தமிழ் அது ஒன்றுதான். இப்போது எழுத வருகிறது என்றால் அதுவும் ஒரு காரணம். இதையும் சொல்லிவிட வேண்டும்.

3

ஒரு ஞாயிறு, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது சார் போனை எடுத்துக் காட்டினார்.

"கலியா, உங்க குப்பத்துல கடல் உள்ள வந்துட்டதா பேப்பர்ல போட்டிருக்கான் பாரு. இடிஞ்ச சுவர், பக்கத்துல அழுவுற ஒரு அம்மா. எல்லாக் குப்பத்துக்கும் இதே படம்தான் போடறாங்க. நெஜமாவே வந்திருக்கா?"

"கடல் எங்க சார் வரும். அவ அங்கயேதான் இருக்கா."

"உங்க அப்பா காலத்துல?"

"அப்பவும் அங்கயேதான் இருந்தா. கார்த்திகையில கொஞ்சம் எடுப்பா. பங்குனியில திருப்பிக் குடுப்பா. குடுக்காம எங்க போவப் போறா."

சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை அப்படியே எழுதட்டுமா? உன் பேரு, ஊரு போட்டு?"

"போடுங்க சார்."

அடுப்படியிலிருந்து ஜெயந்தி, "பேரெல்லாம் எதுக்கு சார்? பேர் வந்தா இவர சினிமாவுக்குக் கூப்புடப் போறாங்களா?" என்றாள்.

"கூப்புட்டா அனுப்ப மாட்டியா?"

"அங்க போயும் பேச மாட்டாரு சார். நிக்க வச்சித்தான் படம் எடுக்கணும்."

எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து வந்தது. என் பெயர், குப்பத்தின் பெயர், இருபது வருஷம் கடலில் தொழில் செய்தவர் என்ற ஒரு குறிப்பு. அதற்குக் கீழே நான் சொன்ன நாலு வரி. சொன்னது சொன்னபடி இருந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் பெயரை அச்செழுத்தில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

4

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் என்றால் எங்கள் தெருவில், எங்கள் சொந்தத்துக்குள். மற்றக் குப்பங்களில் உண்டா என்று தெரியாது. வீட்டு ஆள் ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது கரையில் இருப்பவர்கள் கடலைக் குறை சொல்லக் கூடாது. கடல் ஏறிடுச்சு, கடல் எடுத்துடுச்சு என்ற பேச்சே எழக் கூடாது. யாராவது கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அங்கயே இருக்கா என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சுனாமிக்குப் பிறகு கல்யாண மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்திருந்தபோது, நோட்டும் கையுமாக வந்தவர்களிடம் அப்பா இதையே சொன்னார். "கடல் அங்கயேதான் சார் இருக்கா." அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் சித்தப்பா அப்போது இன்னும் கரை சேரவில்லை. அவர் வருவார் என்று அப்பா காத்திருந்தார். அதனால் சொன்னார். வேறு ஒன்றுமில்லை.

சார் கேட்ட அந்த ஞாயிறு காலை அக்காவோடு பேசியிருந்தேன். அவள் மகன் சதீஷ் தொழிலுக்குப் போயிருக்கிறான், மறுநாள்தான் வருவான் என்றாள். அதனால் சார் கேட்டதும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா வீட்டுப் பின்வாசல் தென்னைகள் விழுந்துவிட்டன என்பதும், ஐப்பசியில் அலை பின்சுவரைத் தொட்டது என்பதும் எனக்குத் தெரியும். அக்கா அதைத் தெரியப்படுத்திய விதம் வேறு. "தென்னைய வெட்டிப் போட்டுட்டோம்டா, வெயில் நல்லா வருது," என்றாள். நான் புரிந்துகொண்டேன்.

சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்கிறோம். காய்ச்சலோடு இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். அதை யாரும் எடுத்துப் போய் இந்த ஊரில் காய்ச்சல் இல்லை என்று எழுதுவதில்லை.

5

நாலு வரியைச் சார் இங்கிலீஷிலும் போட்டிருந்தார். அங்கிருந்து ஒரு பெரிய இங்கிலீஷ் வலைப்பூ எடுத்துப் போட்டது. அதிலிருந்து இன்னொன்று. "கலியா, நீ ஆஸ்திரேலியா வரைக்கும் போயிட்ட," என்று சார் சந்தோஷமாகச் சொன்னார். அவற்றுக்குக் கீழே எழுதியவர்கள், விஞ்ஞானிகளைவிட ஒரு மீனவனுக்குக் கடலைத் தெரியும் என்று எழுதினார்களாம். எதிர்ப்பக்கத்தில், இப்படி ஓர் ஆளே கிடையாது, இட்டுக்கட்டியது என்று எழுதினார்களாம். இரண்டு பக்கத்திலும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு தமிழிலேயே யாரோ ஒருவர் அதை யூட்யூபில் கனத்த குரலில் வாசித்தார். பின்னால் ஓடிய கடல் எங்கள் கடல் இல்லை. தண்ணீர் நீலமாக இருந்தது.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கொட்டகையில் இலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் கல் விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. கரை அரிக்கிற இடங்களில் கருங்கல் கொட்டித் தடுப்பு போட முடிவு செய்திருந்தார்கள். அந்த முறை எங்கள் குப்பத்துக்கும், எங்களுக்குத் தெற்கே ஒட்டி இருக்கிற குப்பத்துக்கும் சேர்த்து ஒரு பங்குதான் கல். யாருக்கு முதலில் என்று கேட்கக் கடலூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா வீடு எங்கள் குப்பத்தில் கடலை ஒட்டின கடைசி வரிசை. கல் வந்தால் வீடு நிற்கும், வராவிட்டால் நிற்காது.

கூட்டம் முடிந்து மாமா போன் செய்தார்.

"மச்சான், வேலையில இருக்கியா?"

"இல்ல மாமா, சொல்லுங்க."

"நீ இன்னாமோ கம்ப்யூட்டர்ல பேசியிருக்கியாமே."

சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

"தெக்குக் குப்பத்தான் மைக்கு முன்னாடி போனைப் புடிச்சிப் போட்டுக் காட்டறான். இவுங்க ஊரு ஆளு, தொழில் பண்ணவன், வெளிநாட்டுல நாலும் தெரிஞ்சவனா இருக்கான், அவனே சொல்றான் கடல் அங்கயேதான் இருக்குன்னு. அப்ப இவுங்களுக்கு எதுக்கு சார் கல்லு, எங்களுக்குப் போடுங்கன்னுட்டான். மண்டபமே சிரிக்குது."

"மாமா, நான் அந்த அர்த்தத்துல…"

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்புறம் இன்னா," என்றார். "எனக்குப் புரியுது மச்சான். என்னைக் கேட்டிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நான் சொன்னா எவன் எழுதிக்கிறான்? காத்தோட போயிடும். உன்னுத எழுதி வச்சிட்டானுவ."

தெற்குக் குப்பத்து ஆளுக்குப் பூமி சூடாவதைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இருந்திருக்காது. அவருக்குக் கல் வேண்டும். அவர் வீடும் கடைசி வரிசைதான். சாருடைய வலைப்பூவால் உலகத்தில் எவ்வளவு பேர் மனம் மாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ பெரிய விவாதம் என்று அவர் எழுதிக்கொண்டிருந்தது, கடைசியில் பக்கத்துக் குப்பத்து ஆள் கையில் ஒரு கருவியாகத்தான் போய்ச் சேர்ந்தது. யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கல் தெற்கே போனது. அடுத்த மழைக்காலத்தில் அக்கா சொன்னாள், "அடுப்பை முன்பக்கம் மாத்தி வச்சிட்டோம்டா. காத்தோட்டமா இருக்கு."

நான் சரி என்றேன்.

6

ஷாலினியின் பள்ளியில் இதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. இங்கே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதம் செய்வார்கள். எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் டச்சு மொழியில் இருந்த ஒரு பக்கத்தைக் காட்டினானாம். அதில் என் பெயர்.

வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். "அப்பா, இது நீயா?"

"நான்தான்."

"உங்க அப்பாவே சொல்றாருன்னான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நீ இதை நம்பறியா?"

"இல்லம்மா."

"அப்போ ஏன் சொன்னே?"

"சதீஷ் அண்ணன் கடல்ல இருந்தான்."

அவள் காத்திருந்தாள். அதற்கு மேல் ஏதோ வரும் என்று நினைத்தாள். அதற்கு மேல் எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்த மொழியில் என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததில் சொன்னாலும் அது அவளுக்குக் காரணமாகத் தெரியாது. சதீஷை அவள் சின்ன வயதில் பார்த்ததுதான்.

"லாட் மார்," என்றாள். விட்டுவிடு என்று அர்த்தம். மாடிக்குப் போய்விட்டாள். இந்த வார்த்தையை அவள் இப்போது அடிக்கடி சொல்கிறாள். சொல்லிவிட்டுக் கோபப்படுவதில்லை. அதுதான் எனக்கு ஒருமாதிரி இருக்கிறது.

7

சாரிடம் போனேன். போவதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் செய்து சதீஷ் கரையில் இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டேன். வலை தைத்துக்கொண்டிருந்தான்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஒரு வார்த்தை மாத்தலையே கலியா," என்றார்.

"மாத்தல சார்."

"அப்போ நெஜம் என்ன? வந்திருக்கா?"

"நான் குளிச்ச கிணறு இப்ப தண்ணிக்குள்ள இருக்கு சார். வலை காயப்போடற எடமும் போயிடுச்சு. அக்கா வீட்ல அடுப்படி இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு அவருக்குள் இருந்த இஞ்சினியர் பேசினார். "தெக்கே கல் கொட்டினா வடக்கே மண் அரிக்கும்ப்பா. நம்ம கரையில மணல் அப்படித்தான் நகரும். அதுனால இது கடல் மட்டம் ஏறினதால மட்டும்னு சொல்ல முடியாது. எதனாலங்கறதுதான் கேள்வி."

"இருக்கலாம் சார். அக்கா எதனாலன்னு கேக்கல."

அவருக்கு முகம் மாறிவிட்டது. நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அக்கா உண்மையிலேயே கேட்கவில்லை.

அன்றே திருத்தம் போட்டார். நேர்மையாகத்தான் எழுதினார். எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்லி, ஒருவர் மரியாதைக்குச் சொன்னதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டது தன் தவறு என்று எழுதினார். முதல் பதிவைப் படித்தவர்களில் சிலர்தான் அதைப் படித்தார்கள். இத்தனை வருஷமாகக் கை தட்டியவர்கள், சாரை யாரோ மிரட்டிவிட்டார்கள் என்று எழுதினார்கள். ஒருவர், அந்த மீனவருக்கு இப்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார்.

பழைய பதிவை என் கண் முன்னாலேயே நீக்கினார். பிறகு என் பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தார். மற்ற இடங்களில் எல்லாம் அது அப்படியே இருந்தது. வரிசையாக வந்துகொண்டே இருந்தது. சார் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது தோணலப்பா," என்றார்.

பரவாயில்லை சார் என்றேன். கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஜெயந்தி இப்போது ஞாயிற்றுக்கிழமையும் மீன் வாங்குகிறாள்.

8

இந்த வருஷம் மறுபடி கல் வந்தது, மறுபடி கூட்டம் போட்டார்கள். எங்கள் பஞ்சாயத்தார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தடை என் பெயரில் இருக்கிறது, அதனால் நானே போனில் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும்.

"ஒரே ஒரு பேச்சு மச்சான்," என்றார் மாமா. "பேரும் ஊரும் சொல்லி, கடல் உள்ள வந்துடுச்சுன்னு சொல்லிடு. ஜாஸ்தி ஒன்னும் வேணாம்."

சரி என்றேன். தக்காளி வரிசைகளுக்கு நடுவில் அதைச் சொல்லிப் பழகினேன். தக்காளி ஏற்றுகிற வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. சொன்னால் வரத்தான் செய்தது.

கூட்டத்தன்று நான் வேலையில் இருக்கும்போது போன் அடித்தது. அக்கா குரல். "டேய், பேசு. ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க."

மண்டபத்தின் இரைச்சல் கேட்டது. ஓர் அதிகாரி கேட்டார். "கலியபெருமாள்ங்களா? ஒரு பதிவுல நீங்க சொன்னதா காட்டறாங்க. இப்ப சொல்லுங்க. உங்க ஊர்ல கடல் உள்ள வந்திருக்கா, இல்லையா?"

நான், "அக்கா, சதீஷ் எங்க?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தி, "தொழிலுக்குப் போயிருக்கான்," என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. நான் பல வருஷமாகக் கோயிலுக்குப் போகாதவன். கடல் மட்டத்துக்குக் கீழே கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். நான் சொல்லி அங்கே எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பழகி வைத்திருந்த பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஹலோ, கேக்குதா?" என்றார் அதிகாரி.

"இன்னும் அங்கயேதான் இருக்குது போல சார்," என்று ஒரு குரல். தெற்குக் குப்பத்து ஆளாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் கல் கிடைத்துவிட்டது. இருந்தும் வந்திருந்தார். சிரிப்பு எழுந்தது.

"சிக்னல் இல்ல சார். வெளிநாடு பாருங்க," என்றார் மாமா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

அப்போது அக்கா பேசினாள். போனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தாள் போலிருக்கிறது, மூச்சு கேட்டது.

"அவன் சொல்லமாட்டான் சார். நான் சொல்றேன், எழுதிக்குங்க. கடல் உள்ள வந்துடுச்சு. எங்க அடுப்படிய எடுத்துடுச்சு. தென்னைய எடுத்துடுச்சு. நாங்க வெட்டல. என் புள்ள இப்ப தண்ணியிலதான் இருக்கான். தெரிஞ்சுதான் சொல்றேன்."

பேசிக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஆட்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு இங்கே கேட்டது. அதிகாரிக்கு அது புரிந்திருக்காது. "உங்க பேரும்மா?" என்றார். "அஞ்சலை. வேலாயுதம் சம்சாரம்," என்றாள். யாரோ போனை வைத்துவிட்டார்கள்.

நான் வரிசையை முடித்தேன். அடுத்த வரிசைக்குப் போனேன். மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஊரில் அப்போது சாயங்காலம். கரையிலிருந்தே பேசினாள். கூட்டத்திலிருந்து நேராகக் கரைக்குப் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

"வந்துட்டான்டா," என்றாள். "வலையில சங்கரா கெடச்சிருக்கு."

போனை வைத்துவிட்டாள்.

9

போன வாரம் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். எங்கள் குப்பத்துக்குக் கல் உறுதியாகிவிட்டது. கல் எந்த வழியாகப் போகும் என்று சிவப்புப் பெயின்டில் குறி போட்டிருக்கிறார்கள். அக்கா தண்ணீர்க் குழாயில் கூட்டமில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"கல்லு வருதுடா. எல்லாரு வீடும் தப்பிச்சிடும். கோயிலும் தப்பிச்சிடும்."

"நம்ம வீடு?"

"குறி நம்ம வாசலுக்கு முன்னால போவுது."

"முன்னாலன்னா?"

"நாம கடல் பக்கம் நிக்கறோம். கடல் ரொம்பக் கிட்ட வந்துட்டதால அங்க கல்லு நிக்காதாம். போன வருஷம்னா வீட்டுக்குப் பின்னாடி போட்டிருக்கலாம்னு அந்த இஞ்சினியரு சொன்னாரு."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

கடலூருக்குள் செம்மண்டலத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். கடல் சத்தம் கேட்காது. சதீஷும் மாமாவும் விடிவதற்கு முன்னால் வண்டியில் கரைக்குப் போய் வருகிறார்கள். வாடகை வீடு ஒரு ரூம், ஒரு ஹால். சாமான்களை ஏற்றிவிட்டு, கடைசி நடையில் மாமா பழைய வீட்டு வாசற்கதவைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"இங்கதான் கதவு இருக்கேப்பா, இது எதுக்குன்னு சதீஷு கேக்கறான்," என்றாள். "உங்க மாமா ஒன்னும் சொல்ல மாட்டேங்கறாரு. தேக்குக் கதவு. விக்கவும் மனசில்ல. எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"செவுத்துல சாச்சி வையுங்க," என்றேன்.

"அப்படித்தான் வச்சிருக்குது. ஹால்ல பாதி அடைச்சிக்கிச்சு," என்றாள் அக்கா.